பில்லி ஹாலிடேயின் காலப்பிரமாணம்

பில்லி ஹாலிடேயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய மரணப் படுக்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1959, ஜூலை 17. நியூயார்க், மெட்ரோபாலிடன் ஆஸ்பத்திரி. வயது 44. ஜூன் மாதம் அந்தப் படுக்கையில் கிடந்தபடியே போதைமருந்து வைத்திருந்ததாகக் கைது செய்யப்பட்டவர். போலீஸ் காவலில் வைக்கப்பட்டவர். இறந்தபோது வங்கிக் கணக்கில் 70 சென்ட்; உடம்போடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த நோட்டுகள் 750 டாலர். எல்லாம் நடந்த விஷயங்கள்தாம். மறுக்கும் உத்தேசம் எனக்கில்லை. ஆனால் இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒருவன் அவர் பாட்டைக் கேட்க உட்கார்ந்தால் எதைக் கேட்பான் என்பது என் கேள்வி. அவன் அழுவதற்குத் தயாராகி வந்திருக்கிறான். இசைத்தட்டு சுழலுமுன்பே அவனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனிப் பாடகி என்ன பாடினாலும், எப்படிப் பாடினாலும் அவனுக்கு ஒன்றுதான்.

நான் சொல்ல நினைப்பது சிறிய விஷயம். 'ஹாலிடே தன் துயரத்தைப் பாடியவர்' என்று அவர் இறந்த நாளிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வரும் வாசகம், பாராட்டின் தோரணையில் அவரைக் கலைஞராக ஏற்க மறுக்கும் வாசகம். துயரப்பட்டவர்கள் அமெரிக்கக் கறுப்பர் குடியிருப்புகளில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பாடத் தெரிந்தவர்களும் அவர்களில் ஏராளம். ஹாலிடே ஒருவர்தான். இந்த வித்தியாசத்தைத் துயரத்தைக் கொண்டு விளக்க முடியாது. தாளத்தோடு அவர் கொண்டிருந்த உறவைக் கொண்டு ஓரளவு விளக்க முடியும் என்று நினைக்கிறேன்.

நமக்கும் இந்த நோய் பழக்கமானதுதான். பாரதியின் வறுமையும் புதுமைப்பித்தனின் காசநோயும் தெரிந்த அளவுக்கு, அவர்களுடைய வாக்கியம் எப்படி நடக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கஷ்டம் ஒரு நற்சாட்சிப் பத்திரமாகிவிடுகிறது. அதைக் காட்டியதும் வாசலைத் திறந்து விடுகிறோம். உள்ளே வந்தது என்ன என்று பார்ப்பதில்லை.

வாழ்க்கைச் சரித்திரக்காரர்களுக்கு வசதி செய்து கொடுத்ததில் ஹாலிடேக்கும் பங்குண்டு. 1956ல் பத்திரிகையாளர் வில்லியம் டஃப்டியின் துணையோடு 'லேடி ஸிங்ஸ் த ப்ளூஸ்' என்ற சுயசரிதை அவர் பெயரில் வெளிவந்தது. அதன் முதல் வாக்கியம் பெற்றோரின் கல்யாணத்தைச் சொல்கிறது. அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை. பிறந்த ஊர் பால்டிமோர் என்கிறது. அவர் பிறந்தது 1915 ஏப்ரல் 7ல், பிலடெல்பியாவில். 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட்டின் மெட்டில் தனக்குப் பங்குண்டு என்கிறது. அதன் சாகித்யமும் மெட்டும் வேறொருவருடையவை. இந்தப் பிசகுகளையும் அவருடைய மனோதர்மத்தின் நீட்சி என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெட்டை மாற்றியது போல வாழ்க்கையையும் மாற்றிப் பாடினாராம். எனக்கு இதில் சம்மதமில்லை. மெட்டை மாற்றியபோது அவர் சந்தைக்கு எதிராகப் போனார். புத்தகத்தில் சந்தை கேட்டதைக் கொடுத்தார். 1972ல் டயானா ராஸ் நடித்து இந்தப் புத்தகம் சினிமாவாயிற்று. 2021ல் ஆண்ட்ரா டே நடித்த இன்னொரு படம், போதைமருந்துத் தடுப்பு இலாகா அவரை விரட்டிய கதையை எடுத்துக்கொண்டது. இரண்டு நடிகைகளும் நல்ல பாடகிகள். ஆனாலும் ஹாலிடே ஒரு பாட்டை எப்படிக் கட்டினார் என்று அறிந்துகொள்ள இரண்டு படங்களிலும் வழியில்லை.

இசைக்கு வேண்டிய அளவு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயற்பெயர் எலியனோரா ஃபேகன். தகப்பன் கிளாரன்ஸ் ஹாலிடே, ஃபிளெட்சர் ஹெண்டர்ஸன் குழுவில் கிதார் வாசித்தவர், மகளை வளர்த்தவரல்ல. பால்டிமோரில் பிள்ளைப் பருவம். 1925ல் கத்தோலிக்கச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டார். 1929ல் ஹார்லெம். அந்த வருஷமே விபசாரச் சோதனை ஒன்றில் தாயும் மகளும் கைதானார்கள்; மகளுக்கு வயது 14. பிறகு ஹார்லெமின் சின்னச் சின்ன இரவு விடுதிகளில் பாட்டு. பில்லி டவ் என்ற சினிமா நடிகையின் பெயரில் பாதியையும் தகப்பன் பெயரில் பாதியையும் சேர்த்துத் தனக்கொரு பெயர். 1933ல் ஜான் ஹாமண்ட் அவரைக் கேட்டார். அந்த நவம்பரில் பென்னி குட்மனோடு முதல் இசைத்தட்டு. அப்போது வயது 18.

உண்மையான தொடக்கம் 1935 ஜூலையில், பியானோ வாசித்த டெடி வில்ஸன் நடத்திய பதிவுகளில். இவை உருவான சூழ்நிலையைக் கவனிக்க வேண்டும். காசு போட்டால் பாடும் ஜூக் பாக்ஸ் பெட்டிகளுக்காக, முக்கியமாகக் கறுப்பர் வட்டாரங்களை உத்தேசித்து, மலிவாகவும் வேகமாகவும் செய்யப்பட்ட தட்டுகள் இவை. டின் பான் ஆலி என்று அழைக்கப்பட்ட நியூயார்க் பாட்டு வியாபாரிகளின் சரக்கில் நல்ல உருப்படிகள் பெரிய வெள்ளைப் பாடகர்களிடம் போய்விடும். மிஞ்சியது இங்கே வரும். பாடகிக்கு மொத்தமாக ஒரு கூலி, விற்பனையில் பங்கில்லை. தட்டின் மேல் 'டெடி வில்ஸனும் அவரது ஆர்க்கெஸ்ட்ராவும்' என்று பெரிதாக இருக்கும்; ஹாலிடேயின் பெயர் கீழே பொடியாக. மூன்று நிமிஷத் தட்டில் அவருக்குக் கிடைத்தது பாட்டின் ஒரு சுற்று, முப்பத்திரண்டு பார். நான்கு தட்டு கொண்ட ஒரு தாள அளவுக்கு பார் என்று பெயர். அவருக்கு முன்னும் பின்னும் கிளாரினெட், டிரம்பெட், ஸாக்ஸஃபோன் எல்லாம் தங்கள் பங்கை வாசிக்கும். அவர் அந்த வரிசையில் ஒருவர். கடைசி வரை அவர் இப்படித்தான் யோசித்தார். தான் பாடுவதாக நினைப்பதில்லை, ஊதுகருவி ஒன்றை வாசிப்பதாகவே உணர்வதாக அவர் சொன்னதுண்டு.

அவர் கையிலிருந்த மூலதனம் மிகக் குறைவு. சாரீரம் ஓர் ஸ்தாயிக்குச் சற்று மேல் போகும், அவ்வளவுதான். கனம் கிடையாது. பெஸ்ஸி ஸ்மித் கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் மைக் இல்லாமல் கூட்டத்தின் கடைசி வரிசை வரை குரலை எறிந்தவர். ஹாலிடே மைக் வந்த பிறகு வந்தவர். மின்சார ஒலிப்பதிவு 1925ல்தான் வழக்கத்துக்கு வந்தது. உரக்கப் பாட வேண்டிய கட்டாயம் போனதும், பேச்சின் நெருக்கத்தில் பாடுவது சாத்தியமாயிற்று. பெஸ்ஸி ஸ்மித்தின் பெரிய ஒலியும் லூயி ஆம்ஸ்டிராங்கின் உணர்ச்சியும் தனக்கு வேண்டியிருந்ததாக அவர் சொல்கிறார். பெஸ்ஸியின் ஒலி அவருக்கு வரவில்லை. ஆம்ஸ்டிராங்கிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது, உணர்ச்சியைவிட முக்கியமான ஒன்று: எழுதப்பட்ட மெட்டு ஒரு யோசனை மட்டுமே, கட்டளையல்ல என்கிற அறிவு.

'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ' என்ற 1935 பதிவை எடுத்துக்கொள்ளலாம். சாகித்யம் அசட்டுத்தனமானது. நிலா வெளிச்சம் காதலர்களை என்ன செய்யும் என்பதற்கு மேல் அதில் விஷயமில்லை. குட்மனின் கிளாரினெட் முதலில் ஓட்டமாக ஓடுகிறது. பின்னால் கோஸி கோலின் டிரம் விரட்டுகிறது. இந்த ஓட்டத்துக்கு நடுவில் ஹாலிடே நுழைகிறார், அவர் ஓடவில்லை. வண்டி போகிற வேகத்தில் போகட்டும் என்று விட்டுவிட்டு அதன் மேலேயே சாவகாசமாக நடக்கிறார். ஒவ்வொரு சொற்றொடரும் விழ வேண்டிய இடத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிறது. தாளம் தவறிவிட்டது என்று தோன்றும் கணத்தில் கடைசிச் சொல் சரியாக வந்து பொருந்துகிறது. அல்லது பொருந்தாமலே அடுத்த அடிக்குள் சரிகிறது. அடுத்து எது நடக்கும் என்று கேட்கிறவனால் சொல்ல முடியாது.

நம் சங்கீதத்தில் பழகிய காதுக்கு இதை விளக்குவது ஒருவகையில் எளிது, ஒருவகையில் கஷ்டம். தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்குவதை அனாகதம் என்கிறோம். ஆனால் அனாகத எடுப்பு உருப்படியிலேயே நிர்ணயமான இடம். பாடுகிறவர், மிருதங்கக்காரர், தொடையில் தாளம் போடும் ரசிகர் என்று எல்லோருக்கும் அது தெரியும். ஹாலிடேயின் தாமதம் அரை இடம், முக்கால் இடம் என்று எண்ணி எழுதக் கூடியதல்ல. ஒரு சொற்றொடருக்குள்ளேயே அது கூடுகிறது, குறைகிறது. எழுதப்பட்ட மெட்டை அவர் மாற்றும் விதமும் இப்படியே. நிரவலில் ஒரு வரியின் சொற்கள் அப்படியே இருக்க ஸ்வரங்கள் விரிந்துகொண்டே போகின்றன. ஹாலிடேயிடம் சொற்கள் அப்படியே இருக்க ஸ்வரங்கள் சுருங்குகின்றன. ஏறி இறங்கி அலங்காரமாக நடக்கும் மெட்டைத் தட்டையாக்கி மூன்று நான்கு ஸ்வரங்களுக்குள் அடக்கிவிடுகிறார். சில சமயம் ஒரு வரியின் பாதி ஒரே ஸ்வரத்தில் நிற்கும். அப்புறம் வரியின் கோடியில் ஒரு சின்னச் சரிவு. பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கும்போது குரல் விழுமே, அந்த மாதிரி. அர்த்தமில்லாத அசைகளைக் கொண்டு வித்தை காட்டும் 'ஸ்காட்' பாட்டை அவர் அநேகமாகத் தொட்டதேயில்லை. சொல்லை விட்டுவிட்டால் அவருக்கு வேலை செய்ய இடமில்லை.

இந்தத் தாமதம் என்ன காரியம் செய்கிறது என்பதுதான் முக்கியம். மலிவான பாட்டு தன் பொய்யைத் தாளத்தோடு ஒட்டிச் சொல்கிறது. 'நான் சந்தோஷமாக இருக்கிறேன்', 'நீயின்றி நானில்லை' என்ற வாசகங்கள் தட்டோடு தட்டாக வந்து விழும்போது நாம் யோசிப்பதில்லை. கால் தாளம் போடுகிறது, மனம் தூங்குகிறது. ஹாலிடே சொல்லைப் பிடித்து நிறுத்தியதும் பாடுகிறவருக்கும் பாடப்படும் வாசகத்துக்கும் நடுவில் இடைவெளி உண்டாகிறது. அதற்குள் ஒரு பிரக்ஞை வேலை செய்வதைக் கேட்கிறோம். இதைச் சொல்லத்தான் வேண்டுமா, இது நிஜமா, நிஜமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று அது யோசிக்கிறது. அதே காலத்தில் ஃபாட்ஸ் வாலர் இதே மாதிரியான குப்பைப் பாட்டுகளை வெளிப்படையாகக் கேலி செய்து வாசித்தார், பாடினார். அது பெரிய சந்தோஷம்தான். ஆனால் கேலி செய்கிறவன் பாட்டுக்கு வெளியே நிற்கிறான். ஹாலிடே வெளியே போவதில்லை; நம்பிவிடுவதுமில்லை. அசட்டு வரிக்குள் எந்த மனித ஆசை ஒளிந்துகொண்டிருக்கிறது என்று தேடி எடுக்கிறார். பாட்டின் உள்ளிருந்தே செய்யப்படும் விமரிசனம் என்று இதைச் சொல்வேன்.

1937 ஜூனில் பதிவான 'எ ஸெயில்போட் இன் த மூன்லைட்' இதற்கு மிகச் சிறந்த உதாரணம். கார்மன் லொம்பார்டோவும் ஜான் ஜேக்கப் லோப்பும் எழுதியது. கை லொம்பார்டோவின் குழு அதை வாசித்து அந்த வருஷம் நாடெங்கும் பிரபலமாக்கிற்று. சர்க்கரைப் பாகில் ஊறிய சரக்கு. அதே பாட்டை ஹாலிடே, கௌண்ட் பேஸி குழுவைச் சேர்ந்த சிலரோடு பாடுகிறார். பக் கிளேடன் டிரம்பெட், ஃபிரெடி கிரீன் கிதார், வால்டர் பேஜ் பேஸ், ஜோ ஜோன்ஸ் டிரம், டெனர் ஸாக்ஸஃபோனில் லெஸ்டர் யங். படகும் நிலவும் அப்படியே இருக்கின்றன. ஒரு சொல் மாறவில்லை. ஆனால் இப்போது அது, தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த ஒன்றைக் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று கணக்குப் பார்க்கும் ஒருவரின் பாட்டு. அழுகை எங்கும் இல்லை. உல்லாசம் இருக்கிறது. துயர சித்திரத்தைச் சுமந்துகொண்டு வருகிறவர்கள் ஹாலிடேயிடம் கேட்கத் தவறுவது இந்த உல்லாசத்தை. இருபத்திரண்டு வயதுக்காரர், தன் தொழிலின் உச்சத்தில் இருக்கிறார், அது அவருக்கே தெரிந்திருக்கிறது. 1935க்கும் 1942க்கும் இடையிலான பதிவுகளில் பெரும்பகுதி இப்படிச் சந்தோஷமானவை.

லெஸ்டர் யங் இந்தப் பதிவில் அவருக்குப் பின்னால் வாசிப்பதைப் பக்கவாத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வயலின் பாடகரின் நிழலாகத் தொடரும். யங் தொடர்வதில்லை, எதிரொலிப்பதில்லை. ஹாலிடே சொல்லி நிறுத்திய இடத்தில் வேறொரு வாக்கியத்தைத் தொடங்குகிறார். அவர் மறுபடி வாயைத் திறக்குமுன் விலகிக்கொள்கிறார். கோல்மன் ஹாக்கின்ஸின் கனத்த நாதமே டெனர் ஸாக்ஸஃபோனின் நாதம் என்றிருந்த நாளில், யங்கினுடையது மெல்லிய, காற்று அதிகமான நாதம். பாட்டின் சொற்கள் தெரியாமல் அதை வாசிக்கக் கூடாது என்று நினைத்தவர் அவர். சொல்லை ஸ்வரமாக யோசித்த பாடகியும் ஸ்வரத்தைச் சொல்லாக யோசித்த வாத்தியக்காரரும் 1937 ஜனவரியில் முதன்முதலாகச் சேர்ந்து பதிவு செய்தார்கள். அவர் இவருக்கு 'லேடி டே' என்று பெயர் வைத்தார். இவர் அவருக்கு 'பிரெஸ்' என்று. இவர்கள் உறவைப் பற்றிய ஊகங்களுக்குக் குறைவில்லை. தட்டில் இருப்பது போதும்.

என் வாதத்துக்கு எதிராக வைக்கத் தகுந்தது 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. இதில் பாட்டின் விஷயம் மலிவானதல்ல. பாடகி அதற்குள் எதையும் தேடி எடுக்க வேண்டியதில்லை. பிராங்க்ஸில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த யூதக் கம்யூனிஸ்டு ஏபல் மீரோபோல், கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்ற காட்சியின் புகைப்படம் ஒன்றைப் பார்த்து எழுதிய கவிதை அது. 1937ல் ஆசிரியர் சங்கப் பத்திரிகையில் வெளிவந்தது. லூயிஸ் ஆலன் என்ற புனைபெயரில் மெட்டும் அவரே போட்டார். ஹாலிடேக்கு முன்பே நியூயார்க்கில் பாடப்பட்டு வந்தது. ஹாலிடேக்கு அது கிடைத்தது 1939ல், கஃபே ஸொஸைட்டியில். அதற்கு முந்தின வருஷம் ஆர்ட்டி ஷாவின் வெள்ளைக் குழுவோடு பாடியவர், நியூயார்க் லிங்கன் ஹோட்டலில் விருந்தாளிகளின் லிஃப்டில் ஏறக் கூடாது, சாமான் ஏற்றும் லிஃப்டில் போக வேண்டும் என்று சொல்லப்பட்டார். அந்தக் குழுவை விட்டார். பார்னி ஜோஸஃப்ஸன் 1938 டிசம்பரில் திறந்த கஃபே ஸொஸைட்டி, கறுப்பரும் வெள்ளையரும் சமமாக உட்காரும் விடுதி.

அங்கே இந்தப் பாட்டு கடைசியில் வரும். பரிமாறுவது நிறுத்தப்படும். விளக்குகள் அணையும்; முகத்தில் மட்டும் சிறு வெளிச்சம். பாட்டு முடிந்ததும் இருட்டு. எவ்வளவு கைதட்டினாலும் அவர் திரும்பி வரமாட்டார். வழக்கமாக அவருடைய தட்டுகளைப் போட்ட கொலம்பியா கம்பெனி இதைப் பதிவு செய்ய மறுத்தது. மில்ட் கேப்ளரின் சிறிய கமடோர் நிறுவனம் 1939 ஏப்ரல் 20ல் பதிவு செய்தது. 1999ல் டைம் பத்திரிகை இதை நூற்றாண்டின் பாட்டு என்றது. அவரைக் கண்டெடுத்த ஜான் ஹாமண்டோ, கலைரீதியாக ஹாலிடேக்கு நேர்ந்த பெரிய தீங்கு இந்தப் பாட்டு என்று கருதினார்.

ஹாமண்டின் கட்சியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அந்த இருட்டும் வெளிச்சமும் நாடகம். அதற்குப் பிறகு கூட்டம் ஹாலிடேயிடம் சங்கீதத்தை மட்டும் எதிர்பார்க்கவில்லை. ஒரு சடங்கை எதிர்பார்த்தது. துயர தேவதை பிறந்தது அந்த இருட்டில்தான். ஆனால் கமடோர் தட்டில் விளக்கு அணைப்பதில்லை, முகமில்லை. ஃபிராங்கி நியூட்டனின் டிரம்பெட்டும் ஸானி வைட்டின் பியானோவும் ஒரு நிமிஷத்துக்கு மேல் வாசித்த பிறகே குரல் வருகிறது. வந்தபின் அது என்ன செய்கிறது? அழுவதில்லை. உரக்கக் குற்றம் சாட்டுவதுமில்லை. தெற்கத்திய நிலக்காட்சியை வர்ணிக்கும் இனிமையான சொற்களுக்கும் பிணத்தை வர்ணிக்கும் சொற்களுக்கும் ஒரே எடை தருகிறது. மெய்யெழுத்துக்கள் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும் அளவுக்கு உச்சரிப்பு துல்லியம். கடைசிச் சொல் ஓய்வுக்கு வராமல் அந்தரத்தில் நிற்கிறது. பாட்டு முடிந்துவிட்டது, வாக்கியம் முடியவில்லை. படகுப் பாட்டில் சொல்லுக்கும் தனக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்கிய அதே அறிவுதான் இங்கும் வேலை செய்கிறது. அங்கே பொய்யான சொல்லில் உண்மையைத் தேடிற்று. இங்கே உண்மையான சொல்லை உணர்ச்சியில் கரைந்துபோகாமல் காப்பாற்றுகிறது. ஏறக்குறைய நான்கு வருஷம் கிராமஃபோன் குப்பையில் பழகியிராத ஒரு பாடகி இந்தப் பாட்டைக் கெடுத்திருப்பார்.

1947 மே மாதம் போதைமருந்து வழக்கில் கைது. ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை. மேற்கு வர்ஜீனியாவின் ஆல்டர்ஸன் சிறை. 1948 மார்ச்சில் வெளியே வந்து, அந்த மாதம் 27ந் தேதி கார்னகி ஹாலில் பாடினார். மண்டபம் நிரம்பி வழிந்தது. வாழ்க்கைச் சரித்திரங்கள் இதை வெற்றி என்கின்றன. தண்டனையின் நிஜமான உள்ளடக்கம் வேறு. நியூயார்க்கில் மது விற்கும் இடத்தில் பாட, போலீஸார் தரும் காபரே அட்டை வேண்டும். தண்டனை பெற்றவர் என்பதால் ஹாலிடேக்கு அது மறுக்கப்பட்டது. (இந்த அட்டை முறை 1967 வரை இருந்தது.) ஆகவே மூவாயிரம் பேருக்கு அவர் பாடலாம், முப்பது மேஜைகளுக்குப் பாடக் கூடாது. இது வருமானத்தை வெட்டியது என்பதை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். கலையை வெட்டியது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவருடையது சிறிய அறையின் கலை. பத்தடி தூரத்தில் இருப்பவனிடம் பேசுவதைப் போன்ற உச்சரிப்பு, கால் இடம் பிந்துவது காதில் விழும் நெருக்கம், ஒவ்வொரு இரவும் அதே வாத்தியக்காரர்களோடு அதே பாட்டை வேறு மாதிரிப் பாடிப் பார்க்கிற பழக்கம் எல்லாம் அந்த அறையில் உண்டானவை. எந்த நகரத்தில் அவர் இந்தக் கலையைக் கற்றாரோ, அந்த நகரத்தில் அது நடக்கும் இடங்களிலிருந்து அவரை வெளியேற்றினார்கள்.

கடைசி வருஷங்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. குரல் போய்விட்டது, கேட்கச் சகிக்கவில்லை என்பது ஒன்று. குரல் சிதைந்ததனால்தான் ஆழம் வந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே சாரீரத்தைத்தான் கேட்கின்றன. நார்மன் கிரான்ஸ் 1950களில் சிறு குழுக்களோடு செய்த பதிவுகளைக் கேட்டால் இந்தத் தகராறு அர்த்தமற்றுப் போகும். 'தீஸ் ஃபூலிஷ் திங்ஸ்' பாட்டை அவர் 1936ல் டெடி வில்ஸனோடும் 1952ல் ஆஸ்கர் பீட்டர்ஸனோடும் பதிவு செய்திருக்கிறார். இரண்டாவதில் சாரீரம் கனத்து, சற்றுக் கரகரத்திருக்கிறது. ஆனால் எங்கே நிற்பது, எந்தச் சொல்லைத் தள்ளிப் போடுவது என்ற தீர்மானங்களில் தளர்ச்சி இல்லை. காதலன் விட்டுச் சென்ற பொருள்களை அடுக்கிச் சொல்லும் ஜாபிதா அந்தப் பாட்டு. 1952ல் ஒவ்வொரு பொருளும் கையில் எடுத்துப் பார்க்கப்பட்டுக் கீழே வைக்கப்படுகிறது.

மாறாக, 1958ல் ரே எலிஸ் அமைத்த தந்தி வாத்தியங்களோடு பதிவான 'லேடி இன் ஸாட்டின்' பற்றி என் அபிப்பிராயம் பெரும்பான்மைக்கு விரோதமானது. குரல் நைந்துவிட்டது, மூச்சு சின்னதாகிவிட்டது. இவை ஒரு குறையே அல்ல. கோளாறு வயலின்களில் இருக்கிறது. தாளத்துக்குப் பின்னால் நிற்கத் தாளம் ஒன்று வேண்டும். வால்டர் பேஜும் ஜோ ஜோன்ஸும் கட்டிக் கொடுத்த உறுதியான தரையில்தான் ஹாலிடே சாய்ந்து நிற்க முடிந்தது. எலிஸின் வயலின் கூட்டம் மெத்தை. அதில் யாரும் சாய முடியாது, புதைய மட்டுமே முடியும். காலப்பிரமாணத்தின் மேல் அவருக்கிருந்த பிடி அப்போதும் போகவில்லை என்பதற்கு அத்தாட்சிகள் அங்கங்கே இருக்கின்றன; ஆனால் பிடித்துக்கொள்ள எதிரே ஒன்றுமில்லை. இந்தத் தட்டு அவருடைய மகத்தான சாதனை என்று சொல்கிறவர்கள், ஒரு மனுஷி அழிவதைக் கேட்கும் கிளர்ச்சியைச் சங்கீத அனுபவம் என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், 1957 டிசம்பர் 8ல், ஸி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'த ஸௌண்ட் ஆஃப் ஜாஸ்' ஒளிபரப்பாயிற்று. ஹாலிடே தானே எழுதிய 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற ப்ளூஸைப் பாடினார். சுற்றிலும் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், ஜெரி மல்லிகன். உடல்நலமில்லாதிருந்த லெஸ்டர் யங் எழுந்து பன்னிரண்டு பார் வாசித்தார். ஸ்வரங்கள் மிகக் குறைவு. காமிரா ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. அந்த முகத்தில் எல்லோரும் பழைய காதலையும் வரப்போகிற சாவையும் படித்துவிட்டார்கள். யங் 1959 மார்ச்சில் இறந்தார், ஹாலிடே அந்த ஜூலையில். திரையில் நான் காண்பது வேறு. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். யங் ஒரு சொற்றொடரைத் தள்ளிப் போடும்போது தலை மெல்ல அசைகிறது. அது வந்து விழும் இடத்தில் முகம் ஆமோதிக்கிறது. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரின் கணக்கைச் சரி பார்த்து ஒப்புக்கொள்கிறார். இதைவிடப் பெரிய நெருக்கம் அவர்களுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கவிஞர்களில் ஒருவர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டார். ஹாலிடே இறந்த அன்றே ஃபிராங்க் ஓஹாரா எழுதிய கவிதை ஒன்றுண்டு. அதில் அவருடைய வாழ்க்கை இல்லை. கைது இல்லை, ஊசி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. கவிதையின் பெரும்பகுதியில் ஓஹாரா நியூயார்க் தெருக்களில் சில்லறைச் சாமான்கள் வாங்கிக்கொண்டு அலைகிறார். கடைசியில் செய்தித்தாளில் அந்த முகம். உடனே ஞாபகம் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன விடுதிக்குப் போகிறது. அங்கே ஓரிரவு, சட்டப்படி அவர் பாடக் கூடாத இடத்தில், மால் வால்ட்ரனின் பியானோவோடு ஹாலிடே தணிந்த குரலில் பாடினார். அறையில் இருந்தவர்கள் அசையாமல் கேட்டார்கள். அதோடு கவிதை நின்றுவிடுகிறது.